கரைவலையும் மிகக் குறுகிய வழியும்

இரு புள்ளிகளை இணைக்கும் கோடுகளுள் நேர்கோடே நீளத்திற் குறைந்தது என்பது பாடசாலை மாணவர் யாவரும் அறிந்த செய்தி. ஆயின், செல்வோன் தான் விரும்பிய திசையிலெல்லாம் செல்ல வல்லவன் என்னும் எடுகோள் ஒன்று அக்கூற்றினுள் மறைந்து கிடக்கின்றது. சில திசைகள் மட்டுமே திறந்திருந்து ஏனையவை அடைபட்டிருப்பின் மிகக் குறுகிய வழி யாது? அவ்வழி வழுவழுப்பான வளையியாக அமையுமா, அன்றி எங்கேனும் முறிவுறுமா? இவ்வினாக்களை ஆராயும் கணிதத்துறையை உப ரீமானியக் கேத்திரகணிதம் என்பர். பெயர் மருட்டுவதாயினும் பொருள் அத்துணை தொலைவிலுள்ளதன்று. கல்முனைக் கடற்கரையில் நின்று நோக்குவோர்க்கு அதன் முதற் பாடம் கண்முன்னே நிகழ்வதைக் காணலாகும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்திற் கீழ்க்கரைக் கடல் அமைதியுற்றிருக்கும். அக்காலத்தே மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கே நீளும் மணற்கரையிற் கரைவலைத் தொழில் நடைபெறும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்போர் பற்றிக்கொள்ள, தோணி கடலினுட் செல்கின்றது. முதலிற் கயிறும், பின்னர் வலையின் ஒரு சிறகும், நடுவே மடியும், அதன்பின் மறு சிறகும் மறு கயிறும் நீரில் இறங்குகின்றன. தோணி வளைந்து திரும்பிக் கரையின் வேறோரிடத்தை அடைகின்றது. பின்னர் இரு குழுவினர் இரு தலைப்புகளையும் இழுத்தபடி ஒருவரையொருவர் அணுகுவர். கீரியும் சூடையும் நெத்தலியும் மடியினுள் ஒதுங்குகின்றன.

கயிறும் வலையும் சேர்ந்த நீளம் மாறாதது. கரையோ ஏறக்குறைய நேர்கோடு. அந்நீளத்தைக் கொண்டு வளைக்கத்தக்க கடற்பரப்பு உயர்வாக அமைவதற்குத் தோணி எவ்வழியிற் செல்லவேண்டும்? எடுத்துக்காட்டாக நீளம் 300 மீற்றர் என்க. கரையை ஒரு பக்கமாகக் கொண்டு செவ்வக வடிவில் வளைத்தால், 75 மீற்றர் வெளியே சென்று, 150 மீற்றர் கரைக்குச் சமாந்தரமாக ஓடி, 75 மீற்றர் மீள்வதே சிறந்தது. பரப்பு 11,250 சதுர மீற்றர். நூறு நூறு மீற்றராக மூன்று பக்கங்கள் கொண்ட அரை அறுகோணமாயின் ஏறத்தாழ 12,990. அரைவட்டமாயின் ஆரை ஏறத்தாழ 95.5 மீற்றர், பரப்பு 14,324 சதுர மீற்றர். அரைவட்டத்தை விஞ்சும் வடிவம் எதுவுமில்லை. இதனாற் கரைவலைத் தொழிலாளர் கணிதவியலார்போற் சிந்தித்து அரைவட்டம் வரைகின்றனர் என்று கூறுதல் மிகையாகும். நீரோட்டமும், மீன் கிடக்கும் இடமும், அடுத்தவர் பாட்டின் எல்லையும் அவர்தம் வழியை வகுக்கின்றன. பாட்டின் எல்லை காரணமாக இரு தலைப்புகளும் நிற்கும் இடங்கள் முன்னரே குறிக்கப்பட்டிருப்பின் விடை அரைவட்டமன்று, அவ்விரு புள்ளிகளூடாகச் செல்லும் ஒரு வட்டவில்லாகும். எவ்வாறாயினும் விடை வட்டத்தினின்று நீங்குவதில்லை.

வினா பழையது. காளைத்தோலைக் கீறி வாராக்கிக் கடற்கரையில் நிலம் வளைத்துக் கார்த்தேச்சு நகரை நிறுவிய தீதோ அரசியின் கதை உரோமப் புலவர் வேர்ச்சிலின் காவியத்தால் நிலைபெற்றது. கிரேக்கருள் செனதோரசு இதனை ஆராய்ந்தார். அரபு மொழியிற் பத்தாம் நூற்றாண்டில் அபூ ஜஃபர் அல்காசினும், அவருக்குப் பின் இப்னு அல்ஹைதமும் சம சுற்றளவுடைய உருவங்களைப் பற்றி எழுதினர். ஒளியியலாற் பெயர்பெற்ற இப்னு அல்ஹைதமின் இம்முயற்சி நம்மவரிடையே அதிகம் பேசப்படாதது வருந்தத்தக்கது. இந்தியாவிற் பிரமகுப்தர் கி.பி. 628 இல் நாற்பக்கலின் பரப்புக்குக் கூறிய விதி, நான்கு மூலைகளும் ஒரு வட்டத்திற் படியும்போது மட்டுமே சரியாகும்; அப்போதே, தந்த நான்கு பக்கங்களுக்குரிய பரப்பு உயர்வாகவும் அமைகின்றது. வட்டத்தின் பாதிச் சுற்றைப் பாதி விட்டத்தாற் பெருக்கினாற் பரப்புத் தோன்றும் என்னும் கணக்கதிகார விதி தமிழ் மாணவர்க்குப் பழக்கமானதே.

அரைவட்டமே சிறந்தது என்பதற்குச் சுவிற்சலாந்தைச் சேர்ந்த யாக்கோப் ஸ்டைனர் 1838 இல் ஓர் அழகிய நியாயம் கூறினார். வலையின் தலைப்புகள் கரையில் அ, ஆ என்னும் புள்ளிகளில் நிற்க, வலைமேல் இ என்னும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்க. அ இ, ஆ இ என்னும் நாண்களுக்கும் வலைக்கும் இடைப்பட்ட இரு துண்டுகளையும் கடின அட்டையால் வெட்டியதாகவும், அவை இ என்னுமிடத்திற் பிணைச்சலால் இணைக்கப்பட்டதாகவும் கருதுக. அங்குள்ள கோணம் செங்கோணமன்றாயின், பிணைச்சலைத் திருப்பிச் செங்கோணமாக்கலாம். தலைப்புகள் கரைமேற் சற்று நகரும். துண்டுகளின் பரப்பு மாறாது. முக்கோணத்தின் பரப்பு மட்டும் பெருகும். ஆகவே, மேலும் பெருக்கவியலாத வளையியில் ஒவ்வொரு புள்ளியிலும் கோணம் செங்கோணமாதல் வேண்டும். அத்தகையது அரைவட்டம் ஒன்றே.

இந்நியாயத்தில் ஒரு குறை உண்டு. அரைவட்டமல்லாத எதனையும் திருத்தலாம் என்பதே இதனால் நிறுவப்பட்டது. உயர்வுப் பரப்புடைய வளையி ஒன்று உண்டென்பது நிறுவப்படவில்லை. இக்குறையின் தன்மையைப் பெரோன் என்னும் கணிதவியலார் வேடிக்கையாக விளக்கினார். முழு எண்களுள் மிகப் பெரியது ஒன்றே என்று ஒருவர் கூறுகின்றார். காரணம் வினவின், ஒன்றைத் தவிர்ந்த எந்த எண்ணையும் வர்க்கிக்க அதனிலும் பெரிய எண் கிடைக்கின்றது. ஆகவே வேறெதுவும் மிகப் பெரியதாகாது. எனவே ஒன்றே மிகப் பெரியது என்கின்றார்! மிகப் பெரிய எண் உண்டென்று கொண்டதே பிழை. ஸ்டைனரின் முடிவு உண்மையாயினும், அவ்விடைவெளியை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வயஸ்திராஸ் நிரப்பிய பின்னரே அது தேற்றமாயிற்று. சொல்லாமற் கொள்ளப்பட்ட எடுகோள் நல்லறிஞரையும் வழுக்கச் செய்யும் என்பதற்கு இத்துறையிலேயே இன்னுமொரு சான்று பின்னர் வரும்.

இனித் தோணியிற் கணக்கன் ஒருவன் இருப்பதாகக் கற்பனை செய்க. தோணி எங்குள்ளது என்பதை இரு ஆள்கூறுகளால் அவன் குறிக்கின்றான். அவற்றோடு, புறப்பட்ட புள்ளியிலிருந்து தோணிக்கு இழுத்த நேர்கோடு அதுவரை வாரிச்சென்ற பரப்பையும் மூன்றாவது எண்ணாக எழுதிவருகின்றான். இடஞ்சுழியாகச் செல்கையிற் பரப்பு கூடும். வலஞ்சுழியாகச் செல்கையிற் குறையும். மூன்றாம் எண்ணை உயரமாகக் கொண்டால், தட்டையான கடலில் ஓடும் தோணிக்கு முப்பரிமாண வெளியில் ஒரு வழி கிடைக்கின்றது. அவ்வெளியில் தோணி நினைத்தவாறு மேலெழ முடியாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தளத்தில் அடங்கிய திசைகளே அதற்குத் திறந்துள்ளன. உயரம் அவற்றின் விளைவாகத் தானே மாறுகின்றது. வழியின் நீளமாவது கடலில் ஓடிய நீளமே. இதுவே உப ரீமானிய வெளிகளுள் மிக எளியது. சத்திச்சொட்டுப் பௌதிகத்தை வகுத்தோருள் ஒருவரான ஐசன்பேர்க்கின் பெயரால் இதனை ஐசன்பேர்க்குத் தொகுதி என வழங்குவர். ரீமான் 1854 இல் வகுத்த கேத்திரகணிதத்தில் எல்லாத் திசைக்கும் நீளம் உண்டு. ஈண்டோ திறந்த திசைகளுக்கு மட்டுமே நீளம் உண்டு.

புறப்பட்ட இடத்துக்கு நேர் மேலே ஓர் உயரத்தை அடையவேண்டின் தோணி என்ன செய்தல் வேண்டும்? ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே மீளவேண்டும். அச்சுற்று வளைத்த பரப்பே அது பெற்ற உயரம். மிகக் குறைந்த நீளத்தில் அப்பரப்பை வளைப்பது வட்டம். ஆகவே தீதோவின் வினாவும் இவ்வெளியின் குறுகிய வழி பற்றிய வினாவும் ஒன்றே. இவ்வெளியில் இழிவு நீளமுடைய வழிகளின் நிழல்கள் நேர்கோடுகளாகவோ வட்டவிற்களாகவோ இருக்கும். ஒரு முழுச் சுற்றைக் கடந்து அதே வட்டத்தில் தொடரும் வழி குறுகியதன்று. மேலும், புறப்பட்ட புள்ளியினூடாக எத்திசை நோக்கியும் அவ்வட்டத்தை வரையலாமாதலின், நேர் மேலேயுள்ள புள்ளிக்குச் செல்லும் குறுகிய வழிகள் எண்ணிறந்தன. அவை யாவும் சம நீளத்தன.

அந்நீளத்தையுங் கணித்தல் எளிது. பரப்பைப் பையின் நான்கு மடங்காற் பெருக்கி வர்க்கமூலங் காண்க. 1 சதுர மீற்றர் உயர்வதற்கு ஏறத்தாழ 3.54 மீற்றர் ஓடவேண்டும். உயரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலோ ஓட்டம் பத்தில் ஒரு பங்காகவே குறையும், 0.354 மீற்றர் ஓடித்தான் ஆகவேண்டும். சிறிய உயரம் அதன் அளவுக்கு மிஞ்சிய விலையைக் கேட்கின்றது. இதன் பயனாக, ஓர் ஆரைக்குட்பட்ட புள்ளிகளின் கனவளவு ஆரையின் மூன்றாம் அடுக்காகப் பெருகாமல் நான்காம் அடுக்காகப் பெருகுகின்றது. மூன்று ஆள்கூறுகளே உள்ள வெளி அளவீட்டில் நாற்பரிமாண வெளிபோல் நடந்துகொள்வது வியப்புக்குரியதே.

வலையை விட்டு வயற்பக்கம் திரும்பினால், நெல் ஏற்றிய மாட்டு வண்டில் இதே பாடத்தை வேறு வகையிற் கற்பிக்கின்றது. வண்டிலின் நிலையைக் குறிக்க அச்சின் நடுப்புள்ளி நிற்கும் இடத்துக்கு இரண்டு எண்களும், அது நோக்கும் திசைக்கு ஒன்றுமாக மூன்று எண்கள் வேண்டும். சில்லு உருளும், பக்கவாட்டில் வழுக்காது. ஆகவே முன்பின் செல்லலும் திரும்பலும் மட்டுமே திறந்த அசைவுகள். ஆயினும் வண்டிலைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாதென்பதில்லை. 1 மீற்றர் முன்னே செலுத்தி, 6 பாகை திருப்பி, 1 மீற்றர் பின்னே தள்ளி, மீண்டும் 6 பாகை எதிர்த்திசையில் திருப்பினால், பழைய திசையையே நோக்கி நிற்கும் வண்டில் ஏறத்தாழ 10 சதமமீற்றர் பக்கவாட்டில் விலகியிருக்கும். (பின்னே செல்ல மாடுகள் இணங்குமா என்பது கணிதத்துக்குப் புறம்பான வினா.) ஓட்டத்தையும் திருப்பத்தையும் பத்தில் ஒரு பங்காக்கினால் விலகல் நூறில் ஒரு பங்காகி ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் ஆகின்றது. தோணியின் உயரத்திற் கண்ட அதே வர்க்க விதி இங்கும் தோன்றுவதை நோக்குக. நெருக்கமான தெருவில் மோட்டார் வண்டியை நிறுத்துவோர் பலமுறை முன்னும் பின்னும் அசைத்து அல்லலுறுவதன் காரணமும் இதுவே.

திறந்த அசைவுகளை இவ்வாறு மாற்றி மாற்றி இயற்றுவதால் அடைபட்ட திசைகள் யாவும் கிடைக்குமாயின், எந்நிலையிலிருந்தும் எந்நிலைக்கும் செல்லலாம் என்பதைச் சோவியத்து நாட்டு இரசேவ்சுக்கி 1938 இலும், சீனத்தவரான சௌ 1939 இலும் தனித்தனியே நிறுவினர். ஆகவே வழி உண்டு. போதிய அண்மையிலுள்ள புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழியும் உண்டு என்பதும் ஐயமற நிறுவப்பட்டதே. ஸ்டைனர் தவறிய இடத்தில் இத்துறையினர் தவறவில்லை. அவர்கள் தவறியது வேறோரிடத்தில்.

ஒரு வளையி குறுகியதாயின் அது நிறைவேற்ற வேண்டிய சமன்பாடுகள் சில உள. தோணியின் வெளியில் அச்சமன்பாடு, வளைவு எங்கும் மாறாதிருக்க வேண்டும் என்கின்றது. அதனாலேயே வட்டம் தோன்றிற்று. இப்போது கணக்கனின் விதியைச் சற்று மாற்றுவோம். கடலின் எல்லா இடத்துக்கும் சம மதிப்பளிக்காமல், மீன் மலிந்த இடத்துக்குக் கூடிய மதிப்பும், வெறும் பாசி கிடக்கும் இடத்துக்கு எதிர்க்குறி மதிப்பும் அவன் வழங்குகின்றான் எனக் கொள்க. அப்போது சமன்பாடு, ஒவ்வொரு புள்ளியிலும் வழியின் வளைவு அவ்விடத்து மதிப்புக்கு விகிதசமமாதல் வேண்டும் என்று மாறும். சமன்பாடுகள் இவ்வாறு வழங்கும் வளையிகளை இயல்வளையிகள் என்போம். இயல்வளையிகள் யாவும் வழுவழுப்பானவை. 1986 இல் ரொபேட் ஸ்ரிக்காட்ஸ் என்னும் அமெரிக்கர் இத்துறைக்கு அதன் பெயரையே தலைப்பாகச் சூட்டிய விரிவான கட்டுரையொன்றில், குறுகிய வழிகள் யாவும் இயல்வளையிகளே என்றார். அது சரியாயின் எல்லாக் குறுகிய வழியும் வழுவழுப்பானதாகும். வினாவும் அன்றே முடிந்திருக்கும்.

ஆயின் அச்சமன்பாடுகளைத் தரும் பொந்திரியாகினின் உயர்வுத் தத்துவத்தில் ஒரு குணகம் உண்டு. அது பூச்சியமாகும் நேர்வும் உண்டு. அவ்வேளை சமன்பாட்டிலிருந்து நீளமே மறைந்துவிடும். எஞ்சும் வளையிகளை அகற்றுவதற்குக் காரணம் ஏதுமில்லை. இந்நேர்வைத் தள்ளிவைத்தது பிழையென்பதை ஸ்ரிக்காட்ஸ் தாமே ஏற்று 1989 இல் அதே சஞ்சிகையிற் திருத்தம் வெளியிட்டார். பெரிய கட்டுரையின் பிழையை இரண்டு பக்கங்களில் வெளிப்படக் கூறிய அச்செயல் அக்கட்டுரைக்குக் குறைவு சேர்க்கவில்லை. இன்றும் அது கற்கப்படுகின்றது. எஞ்சியது ஒரு வினா: அவ்வகை வளையி ஒன்று மெய்யாகவே குறுகிய வழியாக அமைதல் கூடுமா?

கூடும் என்று ரிச்சட் மொன்கொமரி 1994 இற் காட்டினார். அவர் கருத்தைக் கணக்கனைக் கொண்டே விளக்கலாம். கடலில் ஒரு வட்டத்தின் உட்புறம் எங்கும் நேர்க்குறி மதிப்பும், வெளிப்புறம் எங்கும் எதிர்க்குறி மதிப்பும், வட்டத்தின்மேற் பூச்சிய மதிப்பும் இருப்பதாகக் கொள்க. தோணி அவ்வட்டத்தின் வழியே இடஞ்சுழியாக ஒரு சிறு தூரம் செல்கின்றது. அவ்விடத்து மதிப்பு பூச்சியம். ஆகவே இயல்வளையி அங்கே நேராகச் செல்லவேண்டும். வட்டமோ வளைந்தது. எனவே வட்டவழி இயல்வளையியன்று. ஆயினும் அதே இரு முனைகளையும் அதே கணக்கையும் உடைய வேறு வழி ஏதேனும் அதனிலும் குறுகியதாக உண்டா? வட்டத்தை விட்டு உட்புறமாக விலகினால், விலகிய வழிக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட பரப்பு வலஞ்சுழியாகச் சுற்றப்படுகின்றது, அங்கு மதிப்பு நேர்க்குறி, கணக்குக் குறைகின்றது. வெளிப்புறமாக விலகினாற் பரப்பு இடஞ்சுழியாகச் சுற்றப்படுகின்றது. ஆனால் மதிப்பு எதிர்க்குறி. ஆகவே கணக்கு அப்போதும் குறைகின்றது. எப்பக்கம் விலகினும் கணக்கு ஒரே திசையிற் பிழைக்கின்றது. ஒரு விலகல் மற்றொன்றை ஈடுசெய்யாது. நாண்வழியே உட்புறம் வெட்டிச்சென்று நீளத்தை மிச்சப்படுத்த விரும்பும் தோணி, இழந்த கணக்கை மீட்பதற்கு எங்கேனும் ஒரு சிறு கண்ணி சுற்றியாகவேண்டும். தூரம் சிறிதாயிருக்கும்வரை, அக்கண்ணியின் செலவு நாணால் வந்த மிச்சத்தை விஞ்சிவிடுகின்றது. ஆகவே, எந்த இயற்சமன்பாட்டுக்கும் அடங்காத வட்டவழியே மிகக் குறுகியது. இத்தகைய வளையிகளை இயல்பிறழ்வளையிகள் எனலாம். 1995 இல் லியூவும் சுஸ்மனும் இரு திறந்த திசைகளையுடைய வெளிகளில் இவை அரியவையல்ல, பெரிதும் காணப்படுபவையே என நிறுவினர்.

மொன்கொமரியின் வளையி இயல்பிறழ்ந்ததாயினும் வழுவழுப்பானது. ஆகவே எல்லாக் குறுகிய வழிகளும் வழுவழுப்பானவையா என்னும் வினா மேலும் முப்பது ஆண்டுகள் திறந்தே கிடந்தது. கூரிய மூலை இருத்தலாகாது என்பதை 2016 இல் அக்கவோரியும் லெ தொன்னும் நிறுவினர். மூலையிலே திரும்பும் தோணி அதனைச் சிறிது வெட்டிச் சென்றால் மிச்சமாகும் நீளம், கெட்ட கணக்கைத் திருத்தும் செலவைக் காட்டிலும் எப்போதும் பெரிதாகும்படி செய்யலாம் என்பதே அவர்தம் நிறுவலின் சாரம். இதன்பின், வழுவழுப்பே விதியாகும் என எதிர்பார்த்தோர் பலர்.

2025 இல் வெளிவந்த ஆய்வுரையொன்று அவ்வெதிர்பார்ப்பைப் பொய்ப்பித்தது. பிரான்சிலும் இத்தாலியிலும் பணிபுரியும் சித்தூர், ஜோன், மொந்தி, ரிபோர், சொசியொனோவோ முதலியோர் அதனை எழுதினர். பல்லுறுப்பிகளால் மட்டும் வகுக்கப்பட்ட, குறையேதும் கூறவியலாத ஒரு வெளியில், முற்றும் வழுவழுப்பல்லாத குறுகிய வழி ஒன்றை அவர்கள் காட்டினர். அவ்வழியிற் திசை தொடர்ச்சியாக மாறுகின்றது. வளைவும் தொடர்ச்சியாக மாறுகின்றது. வளைவு மாறும் வீதம் மட்டும் ஒரு புள்ளியில் முறிகின்றது. வகையீட்டு மொழியிற் கூறின், இரண்டாம் பெறுதி வரை தொடர்ச்சி உண்டு, மூன்றாம் பெறுதிக்கு இல்லை. அவ்வழியே செல்லும் தோணியிலிருப்போர் கண்ணுக்கு எவ்வித முறிவும் தோன்றாது. ஆனால் வெளி முற்றும் ஒழுங்காயிருக்க, அதன் மிகக் குறுகிய வழி ஒழுங்கற்றிருத்தல் கூடும் என்பது ரீமானின் கேத்திரகணிதத்தில் ஒருபோதும் நிகழாத செய்தியாகும்.

எஞ்சியிருப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம். மூலை இல்லையென்பது நிறுவப்பட்டது. மூன்றாம் பெறுதி தவறலாம் என்பதும் காட்டப்பட்டது. மூலை இல்லாமையால் மட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் தொடலி உண்டென்பது பெறப்படாது. ஒரு புள்ளியை அணுகும் வழி, எத்திசையிலும் நிலைகொள்ளாது மேலும் மேலும் சிறிதாக அலைந்துகொண்டே சென்று சேர்தலும் எண்ணத்தக்கதே. குறுகிய வழி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் தொடலி உண்டா என்னும் வினாவுக்குப் பொதுநிலையில் இன்னும் விடை கிடைக்கவில்லை.